முழுக் கோழியும் வாலில்லாத பல்லியும்

தையல் மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவிலும் என் பூனை நடையைப் பிடித்துவிடுகிற என் அம்மாவுக்கு,

முதலில் சமாச்சாரம். சட்டி வாங்கிவிட்டேன். அந்தச் சட்டியேதான். நீ பார்த்தது சிவப்பு, எனக்குக் கிடைத்தது நீலம். கனம் நீ நினைத்ததைவிடக் கூடுதல். மூடியை மட்டும் தூக்கினாலே மணிக்கட்டு முனகுகிறது.

உன் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் இன்னும் அந்தச் சட்டி வீடியோக்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. நீ இல்லை என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? தினமும் ஒரு வெள்ளைக்காரி முழுக் கோழி ஒன்றைக் குளிப்பாட்டித் துடைத்து, கனத்த எனாமல் சட்டிக்குள் உட்காரவைத்து, மூடியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். கிண்டுவதில்லை, கிளறுவதில்லை, தண்ணீர் ஊற்றுவதுமில்லை. திரும்பி வந்து மூடியைத் திறந்தால், கோழி பொன்னிறமாகக் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது.

"டச்சு அவன்னு பேராம்மா இதுக்கு," என்று நான் சொன்னபோது, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே நீ கேட்டாய்: "எவன்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கொக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒரு கோழிய வெட்டாம, பங்கு வைக்காம, முழுசா நடுவுல வச்சி ஒரு நாளாவது பாக்கணும்ட்டி," என்றாய். நான் விலையைக் காட்டினேன். "எம்மா! இதுக்கு ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கி வளத்துறலாமே," என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ரவிக்கையை எடுத்தாய்.

நம் வீட்டுக் கோழிக்கு எப்போதும் பங்குதானே? ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கால் எனக்கு, ஈரல் அப்பாவுக்கு, நெஞ்சுத்துண்டு மறுநாள் அப்பாவின் மில் சாப்பாட்டுக்கு. கழுத்து உனக்கு. "கழுத்துலதாம்ட்டி ருசி" என்று எலும்பு எலும்பாகப் பிரித்து உறிஞ்சுவாய். நானும் நம்பினேன். ஊரையே ஏமாற்றுகிறவள் நான்தான் என்ற நினைப்பில் இருந்தேன்.

இப்போதைய வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மில்லில் அப்பாவுக்கு அதே ஃபிட்டர் வேலை, வாரத்துக்கு ஒரு தரம் மாறுகிற அதே ஷிப்டு. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராத நாளிலிருந்து அவர் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தண்ணீர்ப் பானையைக்கூட வெளியே தூக்கிக்கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். காலையில் டீ மட்டும் நான் போடுவேன். மற்றதெல்லாம் மெஸ் பார்சல். சாம்பார் ஒரு பை, ரசம் ஒரு பை. பை மாறினால் கண்டுபிடிக்க முடியாது.

நானும் சேட்டையை விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றால், அதுவாக விட்டுப்போய்விட்டது. ஒரு நாள் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்தேன். அப்பா அந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். ஷிப்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு யாரையும் ஏமாற்றத் தோன்றவில்லை. ஏமாறுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும் போலிருக்கிறது, அம்மா.

அந்த ரப்பர் பல்லியும் அகப்படவில்லை. திருச்செந்தூர் கடற்கரைக் கடையில் வாங்கி உன் நூல்கண்டு டப்பாவுக்குள் வைத்தேனே, அதேதான். நீ போட்ட கூச்சலில் தெருவே கூடியது. கையிலிருந்த கத்தரிக்கோலால் அதன் வாலை நறுக்கிய பிறகுதான் அது ரப்பர் என்று உனக்குத் தெரிந்தது. "இனிமே இது ஒன் கண்ணுலயே படாது பாரு," என்று எங்கேயோ ஒளித்து வைத்தாய். நீ இருந்தபோதும் தேடினேன், போன பிறகும் தேடினேன். முன்பு தேடியது பல்லிக்காக. பின்பு தேடியது, உன் கை கடைசியாக ஒளித்துவைத்த ஏதாவது ஒன்று இந்த வீட்டில் இன்னும் இருக்கிறதே என்பதற்காக. எங்கேதான் வைத்தாய்?

இதற்கிடையில் மதுரை அத்தை, அப்பாவின் அக்கா. அப்பாவுக்கு ராத்திரி ஷிப்டு வருகிற வாரமெல்லாம் தம்பிக்குப் போன் போட்டுவிடுவாள். ஸ்பீக்கர் போடத் தேவையில்லை, அத்தை குரல் பாபநாசம் அணைவரைக்கும் கேட்கும்.

"வயசுப்பிள்ளய ஒத்தையில போட்டுட்டு நீ மில்லுக்குப் போயிருத. அடுப்பு எரியாத வீட்டுல அது எத்தன நாளைக்கிலே பார்சலத் தின்னுட்டுக் கெடக்கும்? இங்கன என் வீட்டுக்குப் பக்கத்துலயே ஹாஸ்டலோட பள்ளிக்கூடம் இருக்கு. பிளஸ் ஒன் பரீச்ச முடியவும் டிசிய வாங்கிரு."

"பாப்போம்க்கா," என்பார் அப்பா.

பார்ப்போம் என்றால் சரி என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். தை மாதம் உன் வருஷத் திதி. அதற்கு வரும்போது நேரில் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அத்தை சொன்னதில் தப்பே இல்லை, அம்மா. அதுதான் எனக்கு இடித்தது. தப்பாக இருந்தால் சண்டை போடலாம். சரியாக இருக்கும்போது என்ன செய்வது? நான் மதுரைக்குப் போய்விட்டால் அப்பா உப்பு டீயைக் குடித்தாலும் அது உப்பு டீ என்று தெரிந்த ஆள் ஒருத்தி இந்த வீட்டில் இருக்க மாட்டாள்.

ஆகவே அடுப்பு எரிய வேண்டும். எரிப்பது நானாக இருக்க வேண்டும். எனக்கோ வெங்காயம்கூட ஒழுங்காக நறுக்க வராது. என் சேட்டைக்குப் பயந்து நீ என்னை அடுப்படிப் பக்கமே விட்டதில்லையே. நறுக்காமல், கிளறாமல், பக்கத்தில் நின்று பார்க்காமல் வேகிற பண்டம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதைத்தான் உன் போன் தினமும் காட்டிக்கொண்டிருந்தது.

சைக்கிளுக்கு ஒரு பழைய பெடல் கிடைக்குமா என்று அம்பாசமுத்திரத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு நீலச் சட்டிக்குள் கையை விட்டு போல்ட் துழாவிக்கொண்டிருந்தார். எனக்குப் பெடல் மறந்துபோய்விட்டது.

"அண்ணாச்சி, அது என்ன வில?"

"எது, போல்டா?"

"போல்டு இருக்கிற சட்டி. மூடி உண்டா?"

அவர் தாடையால் வாசலைக் காட்டினார். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்துக் கிடந்தது மூடி. "பாளையங்கோட்டையில ஒரு வீட்டக் காலி பண்ணுன சாமானோட வந்துச்சி. உருக்கதுக்குப் போடலாம்னா, மேல பீங்கான் மாரி என்னமோ பூசியிருக்குன்னு எவனும் எடுக்க மாட்டேங்கான். சும்மாதான் கெடக்கு."

"சும்மா கெடக்கத சும்மா குடுங்க."

"ஏ, நல்ல வெவரமாத்தான் இருக்க! இரும்பு வெலைக்கி எடுத்துக்கோ, போ."

சட்டியைத் தராசில் ஏற்றினார். மேலே மூடியையும் வைக்கப் போனார். நான் தடுத்தேன். "இது இத்தன நாளா ஒங்க கடையில கதவப் புடிச்சி வேல பாத்திருக்கு. நியாயமாப் பாத்தா நீங்கதான் அதுக்குச் சம்பளம் குடுக்கணும்."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு வீட்டுப் பிள்ளட்டி நீ?"

"வி.கே.புரம். அப்பாவுக்கு மில்லுல வேல."

"ஒங்கம்ம எப்பிடித்தான் ஒன்ன வச்சிச் சமாளிக்காளோ," என்று சிரித்துக்கொண்டே மூடியை எடை போடாமல் மேலே வைத்துக் கொடுத்தார். நான் அதைத் திருத்தவில்லை. அவர் சொன்ன மாதிரி 'சமாளிக்காள்' என்றே இருக்கட்டும் என்று தோன்றியது. பிறந்தநாளுக்கு அத்தை அனுப்பிய பணத்தில்தான் வாங்கினேன் என்பதையும் உன் காதில் போட்டு வைக்கிறேன். அத்தையை ஜெயிக்க அத்தை காசு!

துப்பட்டாவால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "பிள்ள அசையாமத் தூங்குதே. தம்பியா?"

"ஆமாக்கா."

"மூஞ்சியக் கொஞ்சம் காத்தாட விடேன், பாவம்."

"காத்துப் பட்டா துருப்பிடிச்சிரும்க்கா."

இறங்கும்வரை அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் செய்த முதல் சேட்டை அது. வீட்டுக்குள் நுழைந்ததும் உன்னிடம் சொல்ல "எம்மா" என்று வாயெடுத்துவிட்டேன். மிஷின் உறை போட்டு நின்றது.

திதிக்குச் சில நாள் முன்பு டியூஷன் முடிந்து வந்தேன். வாசலிலேயே கர் கர் என்று சத்தம். அடுப்படியில் லைட் எரிந்தது. எட்டிப் பார்த்தால் அப்பா தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவே சட்டியை இடுக்கிக்கொண்டு, மில்லில் இரும்பு தேய்க்கிற எமரித்தாளால் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா! என்ன செய்யுதிய?"

"உள்ள பூரா வெள்ளப் பெயிண்ட அடிச்சி ஒன் தலையில கட்டிட்டான்ட்டி. இதுல சமைச்சா பெயிண்டுல்லா வயித்துக்குள்ள போவும்? இதச் சொரண்டிட்டம்னா உள்ள நல்ல வார்ப்பிரும்பு. கஞ்சித்தண்ணி ஊத்தி வச்சி, எண்ணெயத் தடவி, தோசக்கல்லு மாரி பழக்கிரலாம்."

"அய்யோ, அது பெயிண்டு இல்லப்பா, கண்ணாடி! பழைய எனாமல் டம்ளர்ல இருக்கும்லா, அது. அது இருந்தாத்தான் ஒட்டாது!"

அப்பா கை நின்றது. எமரித்தாளைத் திருப்பிப் பார்த்தார். "அதான பாத்தேன். தாளு தேஞ்சிட்டு, இது தேய மாட்டேங்கு." அவர் குரலில் வருத்தத்தைவிட மரியாதைதான் அதிகம் இருந்தது.

சட்டியின் அடியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுப்பே போய்விட்டது. எனக்கு அழுகையாக வந்தது. "போங்கப்பா, எல்லாத்தையும் கெடுத்துட்டிய" என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். துடைக்கத் துணி தேடி உன் டப்பாக்களையெல்லாம் இறக்கிப் பரப்பியிருந்தார். ஒரு வருஷமாகத் தன் கால்படாத இடத்தில் சட்டையெல்லாம் வெள்ளைத் தூளாக உட்கார்ந்திருந்தார், என் வயிற்றுக்குள் பெயிண்ட் போய்விடக் கூடாது என்று.

அதற்கு மேல் எப்படிக் கத்துவது? நானும் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மேலே ஏற்றினேன். அப்பா ஏதோ யோசித்து மெதுவாக மீசைக்குள் சிரித்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். அது ஒன்றுமில்லாத சிரிப்பா என்று நான் யோசித்திருக்க வேண்டும். என் அனுபவத்துக்கு அது பெரிய சறுக்கல்.

திதி ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது. அத்தை முந்தின நாளே வந்துவிட்டாள். காலையில் அப்பா பாபநாசம் படித்துறைக்குப் போய் உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்த நேரம், நான் கறிக்கடையில் நின்றேன். நம் வீட்டில் மத்தியானப் படையல்தான் முக்கியம் என்பது உனக்குத் தெரியாதா? போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைக்க வேண்டும். அத்தை "நான் பொங்குதேன்" என்றதற்கு, "அம்மாவுக்கு நான்தான் சமைப்பேன்" என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டேன்.

"கோழி முழுசா வேணும்ணே," என்றேன்.

கறிக்கடை அண்ணன் உரித்து, எடை போட்டு, மரக்கட்டையில் வைத்துக் கத்தியை ஓங்கினார்.

"ஏ அண்ணே! முழுசா!"

"முழுக் கோழியும் ஒனக்குத்தான்மா. நான் என்ன பாதிய எடுத்துக்கிடவா போறேன்?"

"வெட்டாமக் குடுங்கண்ணே. ஒரு வெட்டுகூட விழப்பிடாது."

வரிசையே திரும்பிப் பார்த்தது. "நேர்த்திக்கடனா இருக்கும், கோயில்ல கொண்டு விடப் போறா," என்றார் பின்னால் நின்ற ஒருவர். "உரிச்ச கோழிய எங்கனவே விடுவா? ஓடுமா அது?" என்றார் இன்னொருவர். அதற்குள் அண்ணன் கை பழக்கதோஷத்தில் கழுத்துக்குப் போய்விட்டது. "கழுத்தும் இருக்கட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் கத்தி காற்றிலேயே நின்றது.

தயிர், மிளகாய்த்தூள், மிளகு, பூண்டு, நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்துக் கோழிக்கு உள்ளும் புறமும் பூசினேன். அடியில் ஓரமெல்லாம் சிறுகிழங்கு பரப்பினேன். சாக்குக்குள் போட்டு உருட்டி அதன் தோலை எடுத்துத் தந்தது அத்தைதான். கழுத்தை மடக்கி உட்காரவைத்தேன். மூடியைப் போட்டேன். தீயைக் குறைத்தேன். அவ்வளவுதான் என் சமையல். மீதி நேரம் அத்தையிடமிருந்து மூடியைக் காப்பாற்றுவதிலேயே போனது.

"தண்ணி ஊத்தலயேட்டி. கரிஞ்சிரும்."

"அதுக்குள்ளயே தண்ணி இருக்கு அத்த."

"கோழிக்குள்ள என்னட்டி தண்ணி? கெணறா?"

"மூடியத் தெறந்தா ஆவி போயிரும் அத்த. பேசாம இருங்க."

"ஆவி கீவின்னு இன்னைக்கிப் பாத்தா பேசுத!" என்று அத்தை உன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடியிருப்பாய்.

திறந்தபோது கோழி பொன்னிறமாக இல்லை, அம்மா. நம் ஊர் மிளகாய்ச் சிவப்பில் இருந்தது. கரியவில்லை. கிழங்கெல்லாம் கோழியின் சாறைக் குடித்துப் பூரித்திருந்தது. தூக்கும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் முதுகுத்தோல் பிய்ந்து அடியிலேயே நின்றுவிட்டது. எந்த இடம் என்று சொல்ல வேண்டுமா? ஆற்றிலிருந்து திரும்பி ஈரத்தலையோடு எட்டிப் பார்த்த அப்பா, "அது என் எடம். அதச் சொரண்டி எனக்கு வை," என்றார்.

உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. புதுச் சேலை, பூ, சோறு. அத்தை கத்தியோடு வந்தாள். "கழுத்த எடுத்து நடுவுல வைட்டி. அவளுக்கு உசிரே அதுதான."

நான் கத்தியை வாங்கிவிட்டேன். வெட்டத்தான் போனேன், அம்மா. உனக்குப் பிடித்தது கழுத்து என்றுதானே நானும் நினைத்திருந்தேன்?

"அவளுக்குக் கழுத்து பிடிக்காதுக்கா," என்றார் அப்பா.

நாங்கள் இருவரும் திரும்பினோம். அவர் உன் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். இந்த ஒரு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "கல்யாணமான புதுசுல அவளுக்குக் காலுதான் வேணும். கொளம்பு கொதிக்கும்போதே ஒரு கால எடுத்து அடுப்படியிலயே தின்னுருவா. எங்கட்டின்னு கேட்டா, பூன தூக்கிட்டுப் போயிட்டும்பா. நம்ம வீட்டுல என்னைக்கிக்கா பூன இருந்துச்சி? இவளுக்குப் பல்லு மொளச்சி, காலு வேணும்னு கைய நீட்டுன பெறவுதான் அவ கழுத்துக்கு மாறுனா."

எனக்கு இந்த வால் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நீயும் என் கட்சிதான். கள்ளி, ஒரு வார்த்தை சொன்னாயா? எத்தனை ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கழுத்தை அவ்வளவு ருசியாகத் தின்று காட்டினாய்! நான் வைத்த பல்லியெல்லாம் ஒரு நிமிஷத்துக்கு. நீ வைத்தது எனக்குப் பதினாறு வயதாகும்வரை தாங்கியது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா இரண்டு கையாலும் கோழியைத் தூக்கி அப்படியே முழுசாக இலை நடுவில் வைத்தார். ஒரு வெட்டு இல்லை, ஒரு பங்கு இல்லை. நீ பார்க்க ஆசைப்பட்ட மாதிரியே.

சூடம் காட்டிவிட்டு, வழக்கப்படி நீ வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்தோம். "கொல்லக் கதவு தெறந்து கெடக்கு, காக்கா வந்துரும்," என்று அப்பா எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒன்னப் பிரிக்கணும்னா கூப்பிடுதேன்? நீ சமைச்சிருவ, அது எனக்குத் தெரியுது. ஆனா என் தம்பி மூஞ்சியப் பாத்தியாட்டி? ஒரு வருசமாச் சிரிச்சிருக்கானா? அவனே எந்திரிக்காமக் கெடக்கான், அவன் எப்பிடி ஒன்னத் தூக்கி விடுவான்?"

அத்தனை தூரம் சட்டியைச் சுமந்துகொண்டு வந்தேனே, அத்தையின் கேள்வி சட்டியைப் பற்றியதே இல்லை.

அப்பா திரும்பி வந்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை எழுந்து, கைதட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கோழிக்கு ஒரு காலைக் காணவில்லை.

கால் இருந்த இடத்தில், சோற்றின் மேல், ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. வாலில்லாத பல்லி.

அத்தை போட்ட கூச்சலை எழுத எனக்குத் தமிழ் போதாது. நான் கத்தவில்லை. அந்த வால் வெட்டுப்பட்ட இடத்தையே பார்த்தேன். அது இருக்கிற இடம் உனக்கு மட்டும்தானே தெரியும்? ஒரு நொடி நான் நம்பினேன், அம்மா. எல்லாரையும் ஏமாற்றுகிற நான், ஒரு நொடி, முழுசாக நம்பினேன். நீ வந்தாய், உனக்குப் பிடித்ததைத் தின்றாய், என் பல்லியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாய் என்று.

பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். தொண்டைக்குள் அடைத்துக்கொண்டு வெளியே வர வழி தேடுகிற சத்தம். திரும்பினேன். அப்பாவின் தோள் குலுங்கியது. மீசையில் மிளகாய் விழுது.

"பூன வந்துட்டுப் போயிருக்கும்க்கா," என்றார்.

அத்தை பாய்ந்து அவர் முதுகில் அறைந்தாள். "செத்தவ படையல்ல வெளாடுதியேலே! நீ மனுசனாலே? ஒரு பிள்ளயப் பெத்தவனாலே நீ?" இரண்டாவது அறைக்கு ஓங்கிய கை அவர் முதுகிலேயே நின்றுவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் வழிந்தது. எது எந்தக் கண்ணீர் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியவில்லை. அத்தையும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி அந்தப் பல்லியைப் பார்த்துக் கத்தினாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "டிசி இப்ப வாங்காண்டாம்லே," என்றாள் யாரையும் பார்க்காமல். "பிளஸ் டூவும் இங்கனயே முடிக்கட்டும். ஒனக்கு ராத்திரி ஷிப்டு வாரத்துக்கு நான் வந்து இருந்துக்கிடுதேன். இந்த ரெண்டையும் தனியா விட்டா வீட்டக் கொளுத்திரும்." ஊருக்குப் போகும்போது மிச்சக் கிழங்கைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு போனாள்.

சட்டி இப்போது அடுப்பு மேலேயே இருக்கிறது. அப்பா தேய்த்த இடம் அப்படியே இருக்கிறது. எதைச் சமைத்தாலும் அங்கே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அதை அவர் சுரண்டித் தின்பார். தண்ணீர்ப் பானை பழையபடி அடுப்படிக்குள் போய்விட்டது. உன் மிஷினுக்கு அவரே எண்ணெய் விட்டு உறையை எடுத்துவிட்டார். நான் இன்னும் வெங்காயத்தைக் கண்டபடிதான் நறுக்குகிறேன். சில நாள் சமைத்துவிட்டு ஒரே ஆளுக்கு மட்டும் அதிகமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த அளவு மட்டும் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

பல்லி எங்கே இருந்தது என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "அது எனக்கும் ஒங்கம்மைக்கும் உள்ளது" என்கிறார். நீயாவது சொல்லேன்?

ஒரு சத்தியம் செய்கிறேன். உன் இலைக்கு இனிமேல் எந்த வருஷமும் கழுத்து வராது. கோழி முழுசாக வரும், இரண்டு காலோடும். கதவைச் சாத்திய பிறகு ஒன்று காணாமற்போனால் நான் யாரையும் விசாரிக்க மாட்டேன். அப்பாவைச் சும்மா இருக்கவும் விடமாட்டேன். பல்லி இப்போது என் வசம். நாளை அவருக்குக் காலை ஷிப்டு. சோற்று டப்பாவின் அடித்தட்டில் அதற்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். மத்தியானம் மில்லே கூடும். உனக்கும் கேட்கும்.

எந்தக் கத்தரிக்கோலுக்கும் வெட்டுப்படாத உன் வால்,
உன் மகள் பேச்சிப்ரியா